மருதாணியில் கலந்த கறுப்பு

சீதாலெட்சுமியின் விரல்களைப் பார்த்தாலே பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். பத்து விரல் நுனியும் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும். என்ன சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. வீடு கிள்ளானில், பிழைப்பு பிரிக்பீல்ட்ஸில். காலையில் கொமுட்டர் ரயில் பிடித்து வந்து, ஒரு துணிக்கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், சாயங்காலம் வரைக்கும் அடுத்தவர் உள்ளங்கையைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டாள். பதினெட்டு வருஷமாக இதே கதைதான்.

அந்த வீதியில் மருதாணி போடுகிற பெண்கள் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். அவளைவிட நன்றாகக் கொடி வரைகிறவர்களும் இருக்கிறார்கள், அதை அவளே ஒப்புக்கொள்வாள். இருந்தும் கல்யாணப் பெண்ணின் அம்மாக்கள் சுங்கை பூலோவிலிருந்தும் காப்பாரிலிருந்தும் 'சீதாக்கா எங்கே' என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். எல்லாம் நிறத்துக்காகத்தான். அவள் போட்டால் ஒரு மணி நேரத்தில் கருகருவென்று பிடிக்கும். மருதாணி எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு மாமியார் பிரியம் என்று நம் பெண்களுக்கு யார் சொல்லி வைத்தார்களோ, அந்தப் புண்ணியவானால்தான் அவள் அடுப்பு எரிந்தது.

அந்தக் கறுப்பு இலையிலிருந்து வந்ததல்ல. முதல் நாலு வருஷம் அவளும் வெறும் இலைப்பொடியும் தேயிலைச் சாறும் எலுமிச்சையும்தான் குழைத்தாள். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் பேய் மழை. காய வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் யார் உட்காருவார்கள்? நாலு கடை தள்ளி ஒருத்தி அரை மணியில் கறுப்பாக்கி அனுப்புகிறாள் என்று கூட்டம் அங்கே ஓடியது. அன்றைக்கு சீதா அழுதேவிட்டாள். அடுத்த வாரம் கிள்ளானில் சின்னையாவின் மளிகைக் கடையில் தலைக்குப் போடும் கறுப்புச் சாயப் பொடி இரண்டு பாக்கெட் வாங்கினாள். கிண்ணத்துக்கு ஒரு கரண்டி என்று ஆரம்பித்தது, பிறகு இரண்டாயிற்று. பிரிக்பீல்ட்ஸில் வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கிள்ளானிலேயே வாங்கிக்கொண்டு போவாள். யாருக்கு என்று சின்னையா கேட்டதற்கு, வீட்டுக்காரருக்கு என்று சொல்லி வைத்தாள்.

கையுறை போட மாட்டாள். போட்டால் மாவில் கட்டி தட்டுவது விரலுக்குத் தெரியாது என்பாள். இன்னொரு வழக்கமும் உண்டு. குளிர்சாதனம் ஓடுகிற கல்யாண வீட்டில் மருதாணி இறுகிவிடும், கோனில் இறங்காது. அதனால் அடுத்துப் போட வேண்டிய கோன்கள் நாலைந்தை ரவிக்கைக்குள் சொருகி வைத்துக்கொள்வாள். உடம்புச் சூட்டில் இளகி இருக்கும், இழுத்த இழுப்புக்கு வரும். வலது கை வேலை செய்வதால் சொருகுவது எப்போதும் இடது பக்கம். அவளுடைய எந்த ரவிக்கையை எடுத்துப் பார்த்தாலும் இடது பக்கம் ஒரு பழுப்புக் கறை இருக்கும்.

கட்டி வந்ததும் இடது பக்கம்தான்.

குளிக்கும்போது தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு, வலி கிடையாது. வலிக்காததுதான் ஆபத்து என்று எங்கேயோ கேட்டது ஞாபகம் வந்து, அப்படியே தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். இரண்டு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. தினமும் தொட்டுப் பார்ப்பாள். பெரிதாகிவிட்டதோ என்று ஒரு நாள் பயம், சிறிதாகிவிட்டதோ என்று ஒரு நாள் ஆசை. கட்டி அங்கேயேதான் இருந்தது. போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிற வீட்டுக்காரர் இராமலிங்கம் ஒரு நாள் சீக்கிரம் வேலை முடிந்து வந்தவர், கண்ணாடிக்கு முன்னால் அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டார். மறுநாள் லீவு போட்டு, அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் உட்கார வைத்தார்.

ஊசி குத்திப் பார்த்ததில் தெளிவாகத் தெரியவில்லை. கட்டியை எடுத்துச் சோதித்தால்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் ஷார்மைன் நாள் குறித்தார்.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் வார்டுக்கு ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் படிவம். பெயர் மாதவி, ஆராய்ச்சிப் பிரிவில் வேலை. "வணக்கம், புவான்" என்று மலாய் மரியாதையோடு ஆரம்பித்து, வந்த காரியத்தைச் சொன்னாள். நாளைக்கு எடுக்கும் சதையில் சோதனைக்குப் போக மிச்சம் இருப்பதை ஆராய்ச்சிக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். மார்புச் சதையில் எந்தெந்த நச்சுப் பொருள் தங்கியிருக்கிறது என்று பார்க்கப் போகிறார்களாம். சீதாவுக்குப் பாதி புரியவில்லை. அங்கே போய் எப்படித் தங்கும் என்று கேட்டாள்.

"மார்புல பெரும்பாலும் கொழுப்புதான். பிரிட்ஜ்ல வெண்ணெய மூடாம வச்சா பக்கத்துல இருக்கிற கருவாட்டு வாசனைய இழுத்துக்கும்ல, அந்த மாதிரி சில கெமிக்கல் வந்து அங்க தங்கிடும். அதுல சிலது நம்ம செல்லுக்குள்ள இருக்கிற டிஎன்ஏவ சேதப்படுத்தும். உடம்பே அத சரிபண்ணிக்கும். சரிபண்ணாம விட்டுப்போனதுதான் கேன்சர் ஆகுதான்னு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது. அதத்தான் தேடுறோம்" என்றாள் மாதவி.

கெமிக்கல் புழங்கினவர்கள் ஒரு பக்கம், புழங்காதவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்து, இரண்டு பக்கத்துச் சதையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். அதனால் கேள்விகளுக்கு உண்மையான பதில் முக்கியம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சீதா தலையாட்டினாள். கை தானாக இடது பக்கத்துக்குப் போயிற்று.

முதல் கேள்வி வயது. நாற்பத்தொன்பது. இரண்டாவது, என்ன வேலை. பிரிக்பீல்ட்ஸில் மருதாணி போடுகிறேன் என்றதும் மாதவி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நீங்க சீதாக்காவா? போன தீபாவளிக்கு உங்ககிட்டதான் போட்டேன். கூட்டத்துல உங்களுக்கு ஞாபகம் இருக்காதுலா. என்னா கறுப்பு! ஆபீஸ்ல எல்லாரும் கேட்டாங்க."

பிறகு மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். இந்த இடத்தில் மட்டும் மறுநாள் கொப்புளம் வந்து தண்ணி கட்டியதாம், எண்ணெய் தடவினதும் போய்விட்டதாம். தன் தோல் அப்படி என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள். அந்த இடத்தில் ஒரு காசு அளவுக்குத் தோல் வெளுத்து, நடுவில் கொடியின் நெளிவு இன்னும் மங்கலாகத் தெரிந்தது. தான் இழுத்த கோடு சீதாவுக்குத் தெரியாதா? கொப்புளம் வந்ததாக இதற்கு முன் இரண்டு மூன்று பேர் வந்து சொல்லியிருக்கிறார்கள். உடம்புச் சூடு, மோர் குடி என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

மாதவி இப்போது அக்கா அக்கா என்று உருகிக்கொண்டே மற்றக் கேள்விகளைக் கேட்டாள். எத்தனை பிள்ளை, பால் கொடுத்தீர்களா, சிகரெட், சுட்ட இறைச்சி. ஏழாவது கேள்வி வந்தது. தலைச்சாயமோ வேறு சாயமோ போட்டதுண்டா, வேலையில் கையாண்டதுண்டா?

"இல்லம்மா. வெறும் இலைதான்."

மாதவி 'இல்லை' கட்டத்தில் கோடு போட்டாள். படிவத்தை மூடிய பிறகு, வேலை நேரத்தில் இதெல்லாம் கேட்கக்கூடாதுதான் என்று குழைந்து, அடுத்த ஞாயிறு தனக்கு நிச்சயதார்த்தம், உடம்பு முடிந்தால் சனிக்கிழமை வந்து போட்டுவிட முடியுமா, அதே கறுப்பு வேண்டும் என்று கேட்டாள். சீதா சரி என்றுவிட்டாள்.

ஆப்பரேஷன் ஒன்றும் பெரிதில்லை. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முடிவுக்குப் பன்னிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு நாளும் சீதாவுக்குச் சோறு இறங்கவில்லை. கேன்சராக இருக்குமோ என்பது ஒரு பயம். அது எல்லாருக்கும் வருகிற பயம்தான். அவளுக்கு அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆராய்ச்சிப் பிரிவு மெஷின் அவள் சதையில் சாயத்தைக் கண்டுபிடித்துவிடும், இல்லை என்று சொன்னவள் உடம்பில் இது எப்படி வந்தது என்று மாதவி படிவத்தை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். அப்படிப் படுத்துக்கொண்டே யோசிக்கையில் கைகளாக ஞாபகம் வரும். குட்டையான விரல்கள், மோதிரம் இறுகிய விரல்கள், பள்ளிப் பிள்ளைகளின் கைகள். அத்தனை பேர் கையிலும் அவள்தான் தடவியிருக்கிறாள். தன் உடம்பில் ஏறியது அவர்கள் உடம்பிலும் ஏறியிருக்குமா? யாரிடம் போய்க் கேட்பாள்?

குட்டு வீட்டில்தான் முதலில் உடைந்தது. எப்போதும் சீதாவே போகிற சின்னையா கடைக்கு வெள்ளிக்கிழமை இராமலிங்கம் அவள் பெயரைச் சொல்லி அரிசி வாங்கப் போனார். சின்னையா அவர் தலையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இராமலிங்கத்தின் தலை பஞ்சு மாதிரி வெளுத்து வருஷம் பத்தாகிறது. மாதம் ஒரு டஜன் சாயப் பாக்கெட் உங்களுக்கென்று அக்கா வாங்கிக்கொண்டு போகிறார்களே, அதையெல்லாம் எங்கேதான் பூசுகிறீர்கள் அண்ணே என்று கேட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்த மனுஷன் அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், கொஞ்சம் ஆறியிருக்கும். என்ன செய்கிறாய் அதை வைத்து என்று மட்டும் கேட்டார். சீதா எல்லாவற்றையும் சொன்னாள். மழை பெய்த தீபாவளி, ரவிக்கைக்குள் கோன், மாதவியின் கொப்புளம், ஏழாவது கேள்வி, ஒன்று விடவில்லை. சொல்லி முடித்ததும், எனக்குப் பயமாக இருக்கிறது என்று முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"நாளைக்கு அந்தப் பிள்ளை கையில எதப் போடப் போற?" என்றார் இராமலிங்கம்.

"வெறும் இலைதாங்க. சத்தியமா."

"அவகிட்ட சொல்லுவியா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இராமலிங்கம் எழுந்து போய்ச் சமையலறை அலமாரியில் தேடி, மிச்சமிருந்த பாக்கெட்டுகளை எடுத்துக் குப்பைப் பையில் கட்டினார்.

சனிக்கிழமை அவரே காரில் சுங்கை பூலோவில் இருந்த மாதவியின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தையல் போட்ட இடம் இழுக்க இழுக்க, சீதா மூன்று மணி நேரம் குனிந்து மாதவியின் இரண்டு கையிலும் போட்டாள். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக யாருக்கும் போட்டதில்லை. வெளுத்த தோல் இருந்த இடத்தைச் சுற்றிக் கொடியை வளைத்துக் கொண்டுபோய், அதை மட்டும் தொடாமல் விட்டாள். எட்டு மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்றதும் மாதவியின் அம்மாவுக்கு முகம் சுருங்கியது. போன தடவை ஒரு மணி நேரம்தானே என்றார். இந்தத் தடவை இலை வேற ஊரு என்றாள் சீதா. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. வீடு நிறைய ஆட்கள், தட்டுத் தட்டாகப் பழம், பலகாரம். அதற்குள் யாரோ தேத்தண்ணி கொண்டு வந்து நீட்டினார்கள். வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த புதன்கிழமை முடிவு. சீதா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டாக்டர் ஷார்மைன் கோப்பைத் திறந்து படித்த அரை நிமிஷத்தில் இராமலிங்கம் அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"கேன்சர் இல்ல ஆன்டி. ஆனா வருஷா வருஷம் வந்து செக் பண்ணிக்கணும். விட்டுடாதீங்க."

இராமலிங்கம் எழுந்து நின்று டாக்டரை இரு கை கூப்பிக் கும்பிட்டார், பிறகு சுவரில் இருந்த நாட்காட்டியையும் கும்பிட்டார். சொந்தக்காரர்களுக்குப் போன் பண்ண வெளியே போய்விட்டார். சீதா நகரவில்லை. ஆராய்ச்சிக்குக் கொடுத்த சதையில் என்ன இருந்தது என்று எப்போது சொல்வார்கள் என்று கேட்டாள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அதைத் தனித்தனியாக யாருக்கும் சொல்ல மாட்டார்கள். சதைக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். ஆராய்ச்சி முடியவே மூன்று நாலு வருஷம் ஆகும். எதனால் கட்டி வந்தது என்பதை அதை வைத்துச் சொல்லவும் முடியாது.

ஆக, பிடிபட மாட்டாள். பன்னிரண்டு நாள் எதை நினைத்து நடுங்கினாளோ அது நடக்கவே போவதில்லை. வெறும் நம்பராக, புழங்காதவர்கள் பக்கத்தில் அவள் சதை பேசாமல் கிடக்கும். எழுந்து வீட்டுக்குப் போகலாம், கோழி வாங்கிச் சமைக்கலாம். வெளியே வந்தபோது அப்படித்தான் நினைத்தாள். கால் மட்டும் லிப்ட் பக்கம் போகாமல் ஆராய்ச்சிப் பிரிவு அறை பக்கம் போயிற்று. நல்ல செய்தியை மாதவியிடம் சொல்லிவிட்டுப் போவோம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மாதவி சந்தோஷப்பட்டாள், உண்மையாகவே. நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். அவள் கையில் மருதாணி இப்போது நன்றாகச் சிவந்து அழகாக இருந்தது. ஆனால் வெறும் இலை சிவக்க இரண்டு நாள் வேண்டும். நிச்சயதார்த்தத்தன்று படத்திலெல்லாம் ஆரஞ்சுத் தோல் நிறத்தில்தான் விழுந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு அத்தை, இதுவா பிரிக்பீல்ட்ஸ் மருதாணி என்று சிரித்தாராம்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. கல்யாணத்துக்கு வேற ஒருத்தங்கள புக் பண்ணிட்டேன். அவங்களும் ஒரு மணி நேரத்துல கறுப்பாக்கிடுவாங்களாம். கை ரெண்டும் முழங்கை வரைக்கும், கால்லயும் போடச் சொல்லியிருக்கேன்."

சீதா அந்த மணிக்கட்டைப் பார்த்தாள். காசு அளவுக்கு வந்த கொப்புளம் இனி முழங்கை வரைக்கும் வரும். இன்னொருத்தி கையால் வரும், யாரும் சீதாவைக் குறை சொல்ல மாட்டார்கள்.

"மாதவி, அந்த ஃபாரத்த எடும்மா. ஏழாவது கேள்விய மாத்தணும்."

மாதவி விளங்காமல் பார்த்தாள். பிறகு கோப்பைத் தேடி எடுத்தாள்.

"ஆமான்னு எழுது. தலைக்குப் போடுற சாயப் பொடி. பதினாலு வருஷமா மருதாணியில கலக்குறேன். வெறுங்கையாலதான் குழைப்பேன்."

பேனா பழைய கோட்டை அடித்துவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் எழுதியது. எத்தனை நாளைக்கு ஒரு முறை, எவ்வளவு, எந்த வகைப் பொடி என்று கிளைக் கேள்விகள் இருந்தன. மாதவி ஒவ்வொன்றாகக் கேட்டாள். குரல் தாழ்ந்துகொண்டே வந்தது. சீதா ரவிக்கைக்குள் கோன் சொருகுவதையும் சொன்னாள். அதையும் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு நிமிராமலே கேட்டாள்.

"தீபாவளிக்கு எனக்குப் போட்டதுலயும்?"

"அதுலயுந்தாம்மா. போன வாரம் போட்டது மட்டும்தான் வெறும் இலை." சீதா அவள் மணிக்கட்டைக் காட்டினாள். "ஒரு தடவ கொப்புளம் வந்த உடம்பும்மா அது. கல்யாணத்துக்கு அந்தக் கறுப்பு வேணாம். தலைக்கும் எந்தச் சாயமும் டாக்டரக் கேக்காமப் போட்றாத. என்னைத் திட்டு, நாலு பேர்கிட்ட சொல்லு, அது பரவால்ல. இத மட்டும் கேளு."

மாதவி போனை எடுத்தாள். யாருக்கோ எழுதினாள். அனுப்பிய பிறகு, புக்கிங் கேன்சல் என்று திரையைச் சீதாவின் பக்கம் ஒரு விநாடி திருப்பிக் காட்டிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள். வெளுத்த தோலின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். திட்டவில்லை. திட்டுவாள், அழுவாள், அக்கா இப்படிப் பண்ணலாமா என்று கேட்பாள் என்றெல்லாம் நினைத்துத்தான் சீதா மனசைக் கல்லாக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். அதில் எதுவும் நடக்கவில்லை.

வெளியே நடையில் இராமலிங்கம் காப்பாரில் இருக்கிற தன் தங்கையிடம், ஒண்ணுமே இல்லை, ஒண்ணுமே இல்லை என்று போனில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மாதவி படிவத்தைத் திருப்பி சீதாவின் முன்னால் நகர்த்தினாள். மாற்றி எழுதிய இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, புவான்."

சீதா கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பி நீட்டினாள். மாதவி கையை நீட்டாமல், மேசையிலேயே வைத்துவிடச் சொன்னாள்.